‘அல்சர்’ என்று சொல்லப்பட்ட நோய்: முக்கூடல் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குறிப்பு: குணப்படுத்த முடியாத நோயாளிகளின் வலியையும் துயரத்தையும் வீட்டிலேயே குறைக்கும் நோய் ஆதரவுப் பணியில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் கண்டதை ஒரு குடும்பமாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் எதுவும் இதில் இல்லை.

குடும்பம்

திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடலிலிருந்து பாப்பாக்குடி போகும் வழியில் உள்ள ஊர். வீட்டுக்காரருக்கு வயது 49. நெல் அறுப்பு இயந்திரம் ஓட்டுபவர். அறுப்பு இல்லாத மாதங்களில் லோடு ஆட்டோ. மனைவிக்கு 42, கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறவர். மகள் பிளஸ் டூ, மகன் ஆறாம் வகுப்பு. வீட்டுக்காரரின் அம்மாவும் அதே வீட்டில்தான். பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி. இரண்டு தெரு தள்ளி மூத்த அண்ணனின் வீடும் பலசரக்குக் கடையும். ஊருக்கு அவர் அண்ணாச்சி, தம்பி மனைவிக்கு அத்தான். அப்பா இறந்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அதன்பிறகு தம்பியை வளர்த்தது, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது, பெண் பார்த்தது எல்லாம் அண்ணாச்சிதான். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

முதலில் சோறு நெஞ்சில் அடைத்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து இறக்கினார். பிறகு இட்லியும் இறங்கவில்லை. மெடிக்கல் கடையில் கேட்டு அமில மாத்திரை வாங்கிப் போட்டு மாதங்கள் கடந்தன. எண்டோஸ்கோப்பி பார்த்துச் சதை எடுத்துச் சோதித்தபோது உணவுக்குழாயில் புற்று; கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

ஒரு வீட்டில் மூன்று நோய்கள்

முடிவு வந்த அன்று மருத்துவர் அண்ணாச்சியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நம் பக்கத்தில் இது அன்றாட வழக்கம். “கூட வந்தவர் யார்?” என்று கேட்டு, வந்தவர்களில் வயதில் மூத்த ஆணிடம் சொல்லிவிடுவார்கள். அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, “தம்பியிடம் சொல்ல வேண்டாம், சரிதானே டாக்டர்?” மருத்துவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன் பாரத்தை அண்ணாச்சி இன்றுவரை சுமக்கிறார்.

தம்பிக்குச் சொல்லப்பட்டது அல்சர். மனைவிக்குச் சொல்லப்பட்டது, “கட்டி மாதிரி இருக்கிறது, குழாய் வைத்தால் சரியாகிவிடும்.” ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் வயிற்றுப்புண். அண்ணாச்சி ஒருவருக்கு மட்டுமே முழுதும் தெரியும். அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இதை அறியாமை என்றோ கொடுமை என்றோ எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. “தெரிந்தால் அன்றைக்கே மனம் உடைந்து போய்விடுவான்” என்பது தம்பியை வளர்த்தவரின் உண்மையான பயம். இன்னொரு கணக்கும் இருந்தது. மகளுக்குப் பதினேழு வயது. ‘அந்த வீட்டில் கேன்சர்’ என்று பேச்சு கிளம்பினால் நாளைக்கு வரன் தட்டிப்போகும் என்ற கவலை. இந்தக் கவலையைப் பொருட்படுத்தாமல் குடும்பத்தோடு பேசப் போகிற ஆலோசகர் முதல் நாளே கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் மறைத்ததற்கு ஒரு விலை இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் ஆளுக்கொரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனவே வருகிறவர்களையே குறைத்தார்கள். மனைவியின் தங்கை சுரண்டையிலிருந்து வருகிறேன் என்றபோது, “இப்போது வேண்டாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை” என்று தடுத்தார்கள். வீட்டுக்குள்ளும் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் அழுதார்கள். குடும்பத்தின் தனிமையில் பெரும்பகுதி நோயால் வந்ததல்ல. நோயின் பெயரைச் சொல்ல முடியாததால் வந்தது.

பீடித் திண்ணை

இந்தப் பக்கத்துப் பெண்களின் வாழ்க்கை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பீடி சுற்றுவது வீட்டு வேலையோடு கலந்த தொழில். ஊறவைத்த இலையைத் தகரத் துண்டு வைத்து அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி, இருபத்தைந்து எண்ணிக் கட்டாகக் கட்டுவார்கள். மடியில் சுளகு (முறம்). விரல்கள் தாமாக ஓடும். வாய் சும்மா இருக்கும். அதனால் ஐந்தாறு பெண்கள் ஒரு திண்ணையில் கூடித்தான் சுற்றுவார்கள். மாமியார் சண்டை, மகளின் கருச்சிதைவு, சீட்டுப் பணம் ஏமாந்தது, கணவனின் குடி எல்லாம் அங்கே பேசித் தீரும். கூட்டு ஆலோசனை என்று நகரத்தில் கட்டணம் கொடுத்துப் பெறுவதற்கு நிகரான ஒன்று அந்தத் திண்ணையில் கூலியோடு நடக்கிறது.

இந்த அம்மாள் அங்கே போவதை நிறுத்தியிருந்தார். “என்ன ஆச்சு உன் வீட்டுக்காரருக்கு?” என்று ஒருத்தி கேட்டால் பொய் சொல்ல வேண்டும், தினமும் ஒரே பொய்யைச் சொல்ல முடியவில்லை என்றார். வீட்டுக்குள்ளேயே சுற்றலாம் என்றால் தூளின் நெடி கணவருக்கு இருமலைக் கிளப்பியது. கடைசியில் கொல்லைப்புறத்தில், மாடு விற்றபின் காலியாகக் கிடந்த தொழுவத்தில் உட்கார்ந்து தனியாகச் சுற்றினார். நோயாளியோடும் இல்லை, தோழிகளோடும் இல்லை. பீடி எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது; கூலியும்.

ஆச்சியின் மாத்திரையால் திறந்த கதவு

உதவியை இந்தக் குடும்பம் தேடிப் போகவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலர் ஆச்சிக்கு மாத்திரை கொடுக்க வந்தார். உள்ளறையில் கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தவரைக் கண்டார். “அல்சர்” என்றார் ஆச்சி. தன்னார்வலர் எதுவும் சொல்லாமல் போய் வட்டாரத்தின் நோய் ஆதரவுச் செவிலியரிடம் சொன்னார். படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்ப்பது இதே திட்டத்தின் ஒரு பகுதி என்பது பலருக்கும் தெரியாது. செவிலியரோடு நான் போனது அப்படித்தான்.

அதற்கு முன்பே உணவுக்குழாயில் ஸ்டென்ட் என்னும் குழாய் வைத்திருந்தார்கள். கஞ்சி இறங்கியது. உடல் தாங்காது என்பதால் கீமோ கொடுக்கவில்லை. “இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள்” என்று அனுப்பியிருந்தார்கள். எந்த மருத்துவமனையில் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிற வாக்கியம் இது. குணப்படுத்த ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. செய்வதற்கு நிறைய இருக்கிறது. உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவதாகவும் அவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மீதிப் பேரில் பலர் இந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

செவிலியர் முதலில் மனதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. வலியைக் கேட்டார். எங்கே, எப்போது, பத்துக்கு எத்தனை. ராத்திரி எட்டு, ஒன்பது என்றார் அவர். அந்த வீட்டில் யாரும் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. தூங்காத குடும்பத்திடம் ஆறுதல் பேசுவதில் பொருளில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மார்பின் மாத்திரை எழுதி வாங்க ஏற்பாடானது. அண்ணாச்சி தடுத்தார். “அது போதை மருந்து. கடைசியாகக் கொடுப்பது.” ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்தபின் வலி நிவாரணத்துக்கான மார்பினும் கிடைப்பது அரிதானது. மருத்துவப் பயன்பாட்டை எளிதாக்க 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் படித்து வந்த மருத்துவர்கள் பலருக்கே மார்பின் கொடுத்துப் பழக்கமில்லை. புற்றுநோய் வலிக்கு அளவோடு கொடுக்கும் மார்பின் ஆளைக் குடிகாரன்போல ஆக்காது, ஆயுளைக் குறைக்காது, மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு என்று செவிலியர் பொறுமையாகச் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை.

வலி அடங்கிய மறுநாள் காலை அவர் கேட்டது சவரப் பெட்டி. மகன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, தலையணையில் சாய்ந்தபடி ஒரு கன்னத்தை மழித்தார். கை தளர்ந்தது. மறு கன்னத்தை மகள் மழித்துவிட்டாள். நடு நடுவே, “மீசையில் கை வைக்காதே” என்று அதட்டல். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அப்போதுதான்.

கஞ்சிச் சண்டை

நோயாளி வீட்டில் மாமியார் மருமகள் சண்டை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் வெடிக்கும். மருமகள் நொய்க்கஞ்சி காய்ச்சி வடிகட்டிக் கொடுப்பார். ஆச்சிக்கு அது போதாது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, அதை வெந்நீரில் கரைத்து ஊட்டப் பார்ப்பார். மகன் வாந்தி எடுப்பார். “பெற்றவள் கொடுத்தால் இறங்காதா, இவள் கொடுத்த மருந்துதான் ருசியைக் கெடுக்கிறது” என்று ஆச்சி முற்றத்தில் நின்று சொல்வார். மருமகள் தொழுவத்துக்குப் போய்விடுவார்.

இந்தக் கட்டத்தில் உடல் உணவை ஏற்பதில்லை, சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை என்பதைச் செவிலியர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். சொல்வதோடு விடவில்லை, ஆளுக்கொரு வேலை கொடுத்தார். பஞ்சை நனைத்து உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருப்பது ஆச்சியின் பொறுப்பு. படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது மனைவியின் பொறுப்பு. ஊட்ட முடியாத தாய்க்குக் கையால் செய்ய ஏதாவது வேண்டும். சண்டை முழுதும் ஓயவில்லை. முற்றத்துக்கு வருவது மட்டும் நின்றது.

அவருக்குத் தெரிந்திருந்தது

ஒருநாள் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்த நேரத்தில் செவிலியர் கேட்டார். “உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” எதையும் சொல்லாமல் முதலில் கேட்பதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம். நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

“எனக்குத் தெரியும் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் என்னை உட்காரவைத்திருந்த இடத்தில் போர்டு இருந்தது. நான் படிக்கத் தெரியாதவனா? கேட்டால் அண்ணன் உடைந்துபோவார். அவர் அவ்வளவு சிரமப்பட்டு மறைக்கிறார், அதைக் கெடுக்க வேண்டாம் என்று இருக்கிறேன்.”

அடுத்த அறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மனைவி இதைக் கேட்டுவிட்டார். அன்று இரவு இருவரும் விடியும்வரை பேசினார்கள் என்று பின்னால் அறிந்தேன். பேசியதில் பெரும்பகுதி கணக்கு வழக்கு: லோடு ஆட்டோவின் மீதித் தவணை, கைமாற்று வாங்கிய இடங்கள், அறுப்பு இயந்திரக்காரரிடமிருந்து வரவேண்டிய கூலி. மகளின் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. மூச்சு வாங்கினாலும் ஆம்புலன்சில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்க வேண்டும். இவற்றுக்கு நடுவில் வேறு என்ன பேசினார்கள் என்பது அவர்களுடையது.

இரண்டு நாளில் அம்மாள் பீடித் திண்ணைக்குப் போனார். நோயின் பெயரைச் சொல்லி அழுதார். அங்கே ஒருத்தியின் கணவரும் சில வருடங்களுக்கு முன் இதே நோயில் போனவர். அந்தப் பெண் ஆறுதல் சொல்லவில்லை. “ராத்திரி மாத்திரை கொடுத்த நேரத்தைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதிவை, தூக்கக் கலக்கத்தில் கொடுத்தோமா இல்லையா என்று குழம்பும்” என்றார். மற்றவர்கள் தங்கள் கட்டோடு இவருடைய கட்டையும் சேர்த்துச் சுற்றிக் கடையில் போட்டார்கள். தங்கையும் சுரண்டையிலிருந்து வந்து இறங்கினார். வெளியே இருந்து ஒரு புது உதவியும் கொண்டுவரப்படவில்லை. எல்லாம் அதே தெருவில் இருந்தவைதான்.

மகளுக்கும் முன்பே தெரிந்திருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் இருந்த சொற்களைச் செல்பேசியில் தேடிப் படித்துவிட்டு, பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதிருக்கிறாள். மகனுக்கு அம்மாவே சொன்னார். செவிலியர் பக்கத்தில் இருந்தார். அப்பாவின் நோய் சரியாகாது. நீ செய்த எதனாலும் இது வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. சிறுவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் நான் பக்கத்தில் படுக்கலாமா?” என்று கேட்டான். அல்சர் காலத்தில் ‘தொந்தரவு செய்யாதே’ என்று அவனை ஆச்சி அறைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் மாறவில்லை. தினமும் மாலை ஆரஞ்சுச் சாறும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வருவார். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, அடுத்த கார்ப் பருவ அறுப்புக்கு எந்த ஊரில் இயந்திரம் இறக்கலாம் என்று பேசுவார். தம்பியும் சரி சரி என்பார். தம்பிக்குத் தெரியும் என்று செவிலியர் மெல்லச் சொன்னபோது, “அவன் வாயைக் கிளறாதீர்கள்” என்று எழுந்து போய்விட்டார். அதற்குப்பின் தம்பியோடு தனியாக உட்காருவதைத் தவிர்த்தார். யாராவது கூட இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார்.

மாசி மாதத்தில் ஒரு விடிகாலை தம்பி இறந்தார். மனைவியும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். அண்ணாச்சி சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தார்.

பதினாறு நாட்கள்

துட்டி (சாவு) வீட்டுக்கு ஊர் திரண்டுவரும் முறை நம்மிடம் இன்னும் பலமாக இருக்கிறது. ஆற்றிலிருந்து நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டுவது, மறுநாள் சுடுகாட்டில் செய்யும் காடாத்துச் சடங்கு, துட்டி கேட்க வருகிற உறவு, அடுப்பு மூட்டாத நாட்களில் உறவு வீடுகளிலிருந்து வரும் சாப்பாடு, பதினாறாம் நாள் விசேஷம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். முதல் அதிர்ச்சியில் இருக்கிறவர்களுக்கு யோசிக்காமல் செய்ய ஒரு வரிசை இருப்பது பெரிய துணை. மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளில் கணவனை இழந்தவருக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் காத்திருப்புக் காலம். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபக் கூட்டங்கள். அவரவர் காலக்கணக்கு அவரவருக்கு.

ஆனால் இதை ஒரேயடியாகப் போற்றவும் எனக்கு மனமில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. கைம்பெண்ணை நடுவில் உட்காரவைத்துச் செய்யும் சடங்குகளில் அவர் மனது யாருக்கும் பொருட்டல்ல. இந்த வீட்டில் வளையல் உடைப்பதை மகள் தடுத்தாள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கொள்ளி வைத்த சிறுவனிடம் வந்தவர்களெல்லாம் சொன்னது: “இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை.” பதினொரு வயதுப் பையனிடம் இதைச் சொல்வதை நம் ஊரில் யாராவது தடைசெய்தால் நல்லது.

பதினேழாம் நாளிலிருந்து வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. துக்கம் விசாரித்தவர்களுக்குக் கடமை முடிந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் தொடங்கியது. கைம்பெண் திண்ணைக்கு வருவது சரியா என்று ஊர் யோசித்தது. பீடிப் பெண்கள் யோசிக்கவில்லை. தங்கள் சுளகுகளைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். இருமுவதற்கு இனி யாரும் இல்லை என்று அம்மாள் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள், பிறகு சுற்றினார்கள்.

துக்கத்தைப் பற்றி ஐந்து நிலைகள் என்று ஒன்றைப் பலர் பள்ளிப்பாடம்போல ஒப்பிக்கிறார்கள். எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது தாமே சாகப்போகிறவர்களிடம் பேசிக் கண்டதை வைத்து. உயிரோடு இருப்பவர்களின் துக்கத்தை அளக்க அது படிக்கட்டு அல்ல. எனக்கு உதவியது மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் முன்வைத்த கருத்து: துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கிறார்; இரண்டும் தேவை. முற்றத்தில் அழுதுவிட்டுக் கட்டு எண்ணிய பெண்கள் இதைப் படிக்காமலே செய்தார்கள்.

காகித வேலையும் ஆறுதலில் சேர்த்திதான். வீட்டில் நடந்த மரணத்தை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்து சான்று வாங்குவது, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம், விதவை ஓய்வூதிய மனு, வங்கிக் கணக்கு. மகளும் சித்தியும் அலைந்தார்கள். எந்தத் தாளுக்கு எங்கே போவது என்பதைச் செவிலியர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

மகன் விஷயம் பள்ளியில் தெரிந்தது. மதியச் சத்துணவில் குழம்பை மட்டும் குடித்துவிட்டுச் சோற்றைக் கொட்டினான். வகுப்பு ஆசிரியை வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் புரிந்தது: சோறு தொண்டையில் அடைத்துவிடும் என்ற பயம். திட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. ஆசிரியை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். குழைந்த சோறு, தயிர்சோறு, பிறகு சாதாரணச் சோறு என்று முழுப் பரீட்சை நேரத்தில் சரியானான்.

அண்ணாச்சி

எல்லோர் கண்ணும் மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் இருந்தது. அண்ணாச்சிதான் விசேஷத்துக்குப் பந்தல் போட்டவர், கணக்குத் தீர்த்தவர். அவரை யாரும் துக்கப்படுகிறவராகப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி, தம்பி வீட்டுக்கு வந்த செவிலியரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கடை பாதி நாள் திறப்பதில்லை. தாடி. வழக்கமில்லாத குடி, இரவில் தனியாக. தம்பி தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிப் போகிறார். தம்பியின் லோடு ஆட்டோவை விற்கவும் விடவில்லை, ஓட்டவும் விடவில்லை. வேப்பமரத்தடியில் டயர் இறங்கி நிற்கிறது. “நானும் போய்விட்டால் கணக்கு நேராகிவிடும்” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் சுற்றி வளைக்கக்கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவர் யோசித்திருந்தார். கடையில் விற்கும் பூச்சிமருந்தைப் பற்றித்தான். அன்றே அது கடையிலிருந்தும் வீட்டிலிருந்தும் அகற்றப்பட்டது. அங்கிருந்தே மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தோம். எதிர்முனையில் தமிழில் பேசியவரிடம் அரை மணி நேரம் பேசினார். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது எளிதாக இருந்தது என்றார். தாலுகா மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளில் மனைவியோடு போனார்.

கடும் மனச்சோர்வு, அதோடு நீடித்த துக்கக் கோளாறு என்பது மருத்துவரின் முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் துக்கம் குறைந்தது ஆறு மாதம் நீடித்தால்தான் அது இந்தக் கோளாறு. அமெரிக்க மனநலச் சங்கம் 2022-இல் சேர்த்தபோது பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்றது. ஊர் வழக்கத்தை மீறி நீடிக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்கிறார்கள். திவசம்வரை துக்கம் காக்கும் நம் ஊரில் ஆறு மாத அழுகை நோயல்ல. தெருவைச் சுற்றிப் போவதும், கடையைப் பூட்டுவதும், பூச்சிமருந்தைப் பார்ப்பதும் வேறு. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. துக்கத்துக்கு மாத்திரை இல்லை, ஆலோசகரோடு பேச்சுதான்.

பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான். “அவனுக்குத் தெரியாமலே அனுப்பிவிட்டேன். ஒருவேளை தெரிந்து, என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பானோ.” செவிலியர் முன்பே சொன்னதை அவர் நம்பவில்லை. தம்பியின் மனைவி இழந்தது கணவனை, அண்ணாச்சி இழந்தது பிள்ளையாக வளர்த்த தம்பியை. ஆனால் அம்மாளுக்குக் கடைசியில் ஒளிவு மறைவில்லாத சில வாரங்கள் கிடைத்தன, அண்ணாச்சிக்கு ஒரு மாலைகூடக் கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அம்மாள் முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார், அண்ணாச்சி பூச்சிமருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்கு முதலில் தெரிவது இதுதான்.

ஆலோசகர் கேட்டுக்கொண்டதன் பேரில் அம்மாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். “அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் அத்தான். போர்டைப் படித்துவிட்டார். நீங்கள் உடைந்துபோவீர்கள் என்றுதான் கேட்கவில்லை. அண்ணன் என்னைப் பன்னிரண்டு வயதிலிருந்து ஏமாற்றியதே இல்லை, இது ஒன்றுதான், இதையும் எனக்காகத்தான் செய்கிறார் என்று சொன்னார்.” அண்ணாச்சி எதுவும் பேசவில்லை. மறுவாரம் லோடு ஆட்டோவுக்கு டயர் மாற்ற ஆள் அனுப்பினார். குடி இன்னும் முழுதும் நிற்கவில்லை. மருந்து தொடர்கிறது. கடை காலையில் திறந்திருக்கிறது.

எங்கே கேட்பது

நோயின் முடிவைச் சொல்லும் அறையிலேயே பாதி வேலை இருக்கிறது. “நோயாளிக்குச் சொல்ல வேண்டாம்” என்று குடும்பம் கேட்டால் தலையாட்டுவதற்குப் பதில், “அவரே கேட்டால் என்ன சொல்லட்டும்?” என்று மருத்துவர் திருப்பிக் கேட்டாலே அண்ணாச்சியைப் போன்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் நோயாளியின் உரிமை. தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவரிடம் திணிக்கவும் கூடாது.

படுக்கையில் நோயாளி இருக்கும் வீடுகள் துணை சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ நோய் ஆதரவுச் செவிலியரைக் கேட்கலாம், 104-இலும் விசாரிக்கலாம். மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417, ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098.

இந்தக் குடும்பத்தில் இன்னும் முடியாத வேலை ஆச்சி. மகன் அல்சரில்தான் போனான், களியை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று இன்றும் சொல்கிறார். மருமகளுக்கு அது ஒவ்வொரு முறையும் குத்துகிறது. சொல்லிவிடலாம் என்கிறார் மருமகள். எழுபத்தெட்டு வயதில் எதற்கு என்கிறார் அண்ணாச்சி. அடுத்த மாத்திரை நாளில் செவிலியர் ஆச்சியிடம், மகனுக்கு என்ன நோய் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். அண்ணாச்சி தானும் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.